வெயிலைக் கூரை மேலேயே நிறுத்துங்கள்

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 61. மொட்டை மாடியில் 12 அடிக்கு 15 அடியில் தகரக் கொட்டகை போட்டு, ஸ்டூல், சாமி மாடம், குழந்தைகளுக்கு நடைவண்டி என்று செய்து கொடுக்கிறேன். மார்ச் பிறந்தாலே காலை பத்து மணிக்கு மேல் உள்ளே நிற்க முடிவதில்லை. ஃபேனைப் போட்டால் மரத்தூள் கண்ணில் விழுகிறது. நிறுத்தினால் வியர்வை பலகையில் சொட்டுகிறது. கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. ஏர் கூலர் வாங்கிவிடலாமா?
(வாசகர், காட்பாடி)

பதில்: ஐயா, இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பணத்தைக் கூரையில் போடுங்கள். மிச்சம் இருந்தால் கூலரைப் பற்றி யோசிக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. உங்கள் கூரை 180 சதுர அடி, அதாவது 16 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, மத்தியான நேரத்தில் உங்கள் தலைக்கு மேல் 16 கிலோவாட்டுக்குக் குறையாமல் இறங்குகிறது. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று வெளியே தள்ளக்கூடிய வெப்பமே ஐந்து கிலோவாட் அளவுதான். அந்த 16 கிலோவாட்டும் உள்ளே வந்துவிடுவதில்லை, ஆனால் துருவேறி நிறம் மங்கிய தகரம் அதில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு கொதிக்கிறது. கொதிக்கும் தகரம் உங்கள் மண்டையிலும் தோளிலும் அனலை நேராக வீசுகிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் அந்த அனல் நிற்காது. ஃபேன் ஓடியும் ஏன் தலை சுடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் முதல் வேலை வெள்ளை அடிப்பது. சுத்தமான புது வெள்ளைப் பூச்சு, விழுகிற வெயிலில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள். பலரும் அடிக்கிறார்கள், முதல் மழையிலேயே பொருக்குப் பொருக்காக உரிந்து வருகிறது. ஈரச் சுண்ணாம்பு தகரத்தின் மேலிருக்கும் துத்தநாகப் பூச்சுக்கும் நல்லதில்லை. சுண்ணாம்பு, காங்கிரீட் தளத்துக்குப் பொருத்தமானது. உங்கள் கொட்டகையைச் சுற்றியிருக்கும் மொட்டை மாடித் தரைக்கு அதை அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாள் இரவே ஊற வைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் பெவிக்கால் கலந்து, மாலையில் தரையை நனைத்துவிட்டு இரண்டு கை அடித்தால் பிடித்துக்கொள்ளும். கொட்டகைக்குள் வரும் காற்று அந்தத் தரையைத் தொட்டுத்தான் வருகிறது. தரை சுட்டால் காற்றும் சுடும்.

தகரத்துக்கு: துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, காய்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட். அதன் மேல் கூரைக்கென்றே விற்கும் வெள்ளைக் கூலிங் பெயின்ட் இரண்டு கோட். உங்கள் அளவுக்குப் பத்து லிட்டர் பக்கெட் ஒன்று போதும். விடியற்காலையில் தொடங்கி, தகரம் சூடேறுவதற்குள் முடித்துவிடுங்கள். சுடுகிற தகரத்தில் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து திப்பி திப்பியாக நிற்கும். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்குகிறது, அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மாசியில் கூரையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தூசி படிந்த வெள்ளை, வெள்ளை இல்லை.

அப்புறம், கூரைக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் நிழல் வலை கட்ட முடிந்தால் கட்டுங்கள். நர்சரியில் போடுகிறார்களே, அந்த வலைதான். 75 சதவீத நிழல் தருவது போதும். வலையைத் தகரத்தின் மேல் அப்படியே விரித்துவிடக் கூடாது. நடுவில் காற்று ஓட இடம் வேண்டும். ஆடிக் காற்றுக்கு முன் முடிச்சுகளை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மேற்குச் சுவரை மறந்துவிடாதீர்கள். மூன்று மணிக்கு மேல் வெயில் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நாலு பெயின்ட் வாளியில் மண் நிரப்பி, தை மாதக் கடைசியில் பீர்க்கு விதை போட்டு, கயிறு கட்டி ஏற்றிவிட்டால் சித்திரையில் சுவர் முழுக்க இலை. செலவு விதைக்காசு மட்டும், குழம்புக்குக் காயும் ஆயிற்று.

இனி காற்றும் தூசியும். இரண்டையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்த்தால் இரண்டும் தீராது. காற்று எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது, நீங்கள் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நான் பிறந்து வளர்ந்தது திண்டுக்கல்லில், பூட்டுச் செய்கிற வீட்டில். எங்கள் பட்டறை நாட்டு ஓடு போட்டது. ஓடுகளின் சந்து வழியாகச் சூடான காற்று தானாக மேலே கசிந்து போய்விடும். அப்பா எப்போதும் வாசலுக்கு முதுகு காட்டித்தான் அரம் போட உட்காருவார். தெருக்காற்று முதுகில் பட்டு, பித்தளைத் தூளை முன்னால் தள்ளிக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போகும். தூள் அவர் மூக்குக்கு வந்ததே இல்லை. உங்கள் தகரக் கொட்டகையில் இந்த இரண்டையும் நாமாக ஏற்படுத்த வேண்டும்.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே நில்லுங்கள். அதற்கு முன் தரையைப் பெருக்கி, தின்னர், வார்னிஷ் டப்பாக்களை வெளியே வைத்துவிடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேஜை உயரத்தில் பாருங்கள், பிறகு ஸ்டூலில் ஏறி மேலே பாருங்கள். மேலே புகை நகராமல் அப்படியே தொங்கினால் அங்கேதான் சூடு தேங்கிக் கிடக்கிறது. புகை போக விரும்புகிற பக்கத்துச் சுவரில், கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேனை வையுங்கள். எதிர்ச் சுவரில் தாழ்வாக, நிழலுள்ள பக்கமாக, காற்று வருவதற்கு வழி விடுங்கள். வருகிற வழி ஃபேனின் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அடைத்த அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வெறுமனே சத்தம்தான் போடும்.

எட்டு அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கொட்டகைக்குள் சுமார் 40 கன மீட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு 20 தடவையாவது அது மாற வேண்டும் என்றால் 800 கன மீட்டர் இழுக்கிற ஃபேன் தேவை. அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும், படித்துப் பார்த்து வாங்குங்கள். இறக்கையின் அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

இழைப்பதும் உப்புத்தாள் போடுவதும் எக்ஸாஸ்ட் பக்கத்து மேஜையில். நீங்கள் நிற்பது காற்று வருகிற பக்கம். சீலிங் ஃபேனை இந்த வேலைகளின்போது நிறுத்திவிடுங்கள், கீழே படிந்த மாவுத்தூளை அது மறுபடி கிளப்பிவிடும். பதிலாக ஒரு பெடஸ்டல் ஃபேன், உங்கள் முதுகுக்குப் பின்னால் சற்றுச் சாய்வாக, குறைந்த வேகத்தில். இந்த மாவுத்தூள் விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கில் துண்டு கட்டிக்கொள்வது போதாது. துண்டில் நிற்பது பெரிய தூள், நுரையீரலுக்குப் போவது கண்ணுக்குத் தெரியாத தூள். என்95 முகக்கவசம் போடுங்கள். புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது சிரமம்தான், தெரியும். அதனால்தான் உப்புத்தாள் வேலையை எல்லாம் சேர்த்து வைத்து விடியற்காலையில் முடித்துவிடச் சொல்கிறேன்.

பெருக்கும்போது ஒரு கைப்பிடி மரத்தூளை நனைத்துப் பிழிந்து தரையில் தூவி, அதோடு சேர்த்துப் பெருக்குங்கள். நுண்தூள் எல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரின் மேல் படியும் தூளை வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தூள் மூடிய மோட்டார் சூடாகும், சூடான மோட்டாரும் மரத்தூளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதே காரணத்துக்காக, கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கிரைண்டர் பொறி போதும்.

61 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். வெளியே 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் காற்று உடம்பைக் குளிர வைக்காது, இன்னும் சூடேற்றும். அந்த நேரத்தில் கொட்டகைக்கே போகாதீர்கள். காலை ஐந்தரையிலிருந்து பத்து, மாலை ஐந்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து பக்கத்தில் இருக்கட்டும். சர்க்கரை நோயோ, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையோ இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள். தலை சுற்றினாலோ, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டாலோ, பாதி செய்த வேலை எப்படி ஆனாலும் சரி, கீழே இறங்கி வந்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் காசு மிஞ்சினால், காட்பாடி வெயிலுக்குக் கூலர் வேலை செய்யும். ஈரப்பதம் 30 சதவீதமாக இருக்கும் நாளில் 40 டிகிரிக் காற்றை 30-ஐ ஒட்டிக் கொண்டு வந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே வைத்து, எக்ஸாஸ்ட்டும் சேர்ந்து ஓட வேண்டும். உள்ளே வைத்தால் கூலரில் தண்ணீர் ஊறும் பேடை மரத்தூள் அடைத்துவிடும், ஈரத்தில் பலகையும் உப்பிவிடும்.

கேள்வி: வீட்டு முன்னறையில் ஆரி வேலை செய்கிறேன். கூலர் வாங்கியும் புழுங்குகிறது, ஜரிகையும் கறுக்கிறது. கூலரில் கோளாறா?
(வாசகி, திருவொற்றியூர்)

பதில்: கூலரில் கோளாறு இல்லை, தங்கச்சி. கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருக்கிறது. தண்ணீர் ஆவியானால்தான் கூலருக்குக் குளிர்ச்சி. உங்கள் ஊரில் 35 டிகிரியில் ஈரப்பதம் 65 என்று இருந்தால், நாலைந்து டிகிரி குறைவதே பெரிது. அந்தக் குறைவுக்கும் சேர்த்து அறையில் ஈரம் ஏறிவிடும். ஜரிகை கறுப்பதை அந்த ஈரம் இன்னும் வேகப்படுத்துகிறது. கூலரில் தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஃபேனாக ஓட்டுங்கள், அல்லது உள்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குக் கை கொடுப்பது வேகமான காற்றுதான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்று விற்கிற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது ரக மோட்டார் ஃபேன் 30 வாட்டை ஒட்டித்தான். எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட்டுக்கு மேல் மிச்சம். மதியத்துக்கு மேல் கடல்காற்று வரும்போது கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து வையுங்கள். ஜரிகைக் கண்டுகளை மூடி இறுகிய டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் பைக் ரிப்பேர் கொட்டகை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பாசியைச் சுரண்டிவிட்டு வெள்ளை அடிக்கலாமா?
(வாசகர், ராஜபாளையம்)

பதில்: வெள்ளை அடிக்கலாம், சுரண்டக் கூடாது. கம்பி பிரஷ், உப்புத்தாள், டிரில் எதுவும் அதில் படக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரின் இழை பறந்து நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரும். தண்ணீரை மெதுவாக விட்டு நனைத்து, ஈரமாக இருக்கும்போதே மெத்தென்ற துணியால் துடைத்துவிட்டு, காய்ந்ததும் பெயின்ட்டை ரோலரால் உருட்டுங்கள். துணியைப் பாலிதீன் பையில் கட்டிவிடுங்கள், உதறாதீர்கள். ஷீட் மேல் ஏறி நிற்கவே வேண்டாம். பழைய ஷீட் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பக்கவாட்டில் சாரம் கட்டி, நீளக் கழியில் ரோலரைப் பொருத்தி அடிக்க முடிகிற தூரம் வரைக்கும் அடியுங்கள். எட்டாத நடுப்பகுதிக்கு, உள்ளே ஷீட்டுக்கு நாலு அங்குலம் கீழே அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன் ஷீட்டைக் கட்டுங்கள், ஷீட்டில் துளை போடாமல் மரச்சட்டத்தில். ஒரு பக்கம் மட்டும் மினுக்கும் ரகமாக இருந்தால் மினுக்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து ஒரு வருஷத்தில் மினுக்கு போய்விடும். இரண்டு ஓரத்தையும் அடைக்காமல் திறந்து விடுங்கள், இடையில் தேங்கும் சூடு அந்த வழியாக வெளியேறும்.