வீட்டுப்பாடம் போடும் செயலியும் ஒட்டுக்கேட்கும் பொம்மையும்

கேள்வி: ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், கணக்குகளை ஏஐ செயலியிடம் கேட்டே முடிக்கிறாள். வீட்டுப்பாடம் எல்லாம் சரி. தேர்வில் கோட்டை விடுகிறாள். செயலியை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், கேட்கும் விதத்தை மாற்றுங்கள். துருக்கியில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஜிபிடி-4 என்ற ஏஐயின் துணையோடு பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் சாதித்தவர்கள், துணையில்லாமல் தேர்வு எழுதியபோது, ஏஐ இல்லாமலே பயிற்சி செய்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடை தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த குழுவில் இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

3/4 + 1/6 என்ற கணக்கை உங்கள் மகள் மேலுக்கு மேல், கீழுக்குக் கீழ் கூட்டி 4/10 என்று எழுதுகிறாள் என்று வையுங்கள். செயலி 11/12 என்று வரிவரியாகப் போட்டுக் காட்டும். அவளும் தலையாட்டுவாள், புரிந்ததுபோலவே இருக்கும். ‘முக்காலோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் அரையைவிடக் குறையுமா?’ என்று கேட்டால்தான் பிழை அவள் கண்ணிலேயே படும்.

முதல் பத்து நிமிடம் தாளில் தானே போடட்டும். பிறகு தன் படிகளை உள்ளிட்டு, ‘விடை சொல்லாதே, எந்த வரியில் தவறு என்று மட்டும் சொல்’ எனக் கேட்கட்டும். உரையாடல் நீண்டால் செயலி இதை மறந்து விடையைக் கொட்டிவிடும். கட்டளையைத் திரும்பப் போட வேண்டும். கடைசியில் திரையை மூடிவிட்டு, எண்களை மாற்றி அதே வகைக் கணக்கு இன்னொன்று. பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

கேள்வி: நான்கு வயது மகனுக்குப் பேசும் பொம்மை பரிசாக வந்தது. கொடுக்கலாமா?

பதில்: முதலில் பக்கத்து அறையிலிருந்து, இதுவரை இணைக்காத ஒரு போனில் ப்ளூடூத்தைத் திறந்து பாருங்கள். கடவு எண் கேட்காமல், பொம்மையில் பொத்தான் எதையும் அழுத்தாமல் இணைந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ‘மை ஃப்ரெண்ட் கெய்லா’ பொம்மையை 2017இல் ஜெர்மனி தடைசெய்தது இதே ஓட்டையால்தான்: அருகில் நிற்கும் எவரும் குழந்தையின் பேச்சைக் கேட்கலாம். தேறினால், விருந்தினர் வைஃபையில் (வீட்டின் மற்ற கருவிகளோடு சேராத தனி இணைப்பு) மட்டும் இணையுங்கள். பொம்மையின் செயலியில் குழந்தையின் உண்மையான பிறந்த தேதி வேண்டாம். அதில் சேரும் குரல் பதிவுகளை அவ்வப்போது அழியுங்கள். படுக்கையறைக்குள் பொம்மை போகக் கூடாது.

பையன் ‘பொம்மைக்கு வலிக்குமா’ என்று கேட்டால் சிரிக்காதீர்கள். ஓர் ஆய்வில், ரோபோவி என்ற ரோபோவோடு 9, 12, 15 வயதுப் பிள்ளைகளைப் பழகவிட்டு, பிறகு அதை அலமாரிக்குள் அடைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் அது சரியில்லை என்றார்கள். ‘அதற்கு வலிக்காது, வலிப்பதுபோல் பேசச் செய்திருக்கிறார்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒன்பது மாதக் குழந்தைக்கு வீடியோ காட்டினால் இன்னொரு மொழி வருமா?

பதில்: வராது. அமெரிக்காவில் அதே வயதுக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள் சீன மொழி கேட்கவைத்தார்கள். ஆய்வு 2003இல் வந்தது. எதிரே ஆள் உட்கார்ந்து பேசியபோது அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். அதே பேச்சை வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. குழந்தை எதைப் பார்க்கிறது என்று கவனித்து, அந்தப் பொருளின் பெயரைச் சொல்ல வீடியோவுக்குத் தெரியாதே.