இரட்டை எழுத்தா, இரண்டு விளக்கா?

அன்புள்ள ஐயா,

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் 1989-ஆம் ஆண்டு 20 சென் காசு ஒன்று வாங்கினேன். புழக்கத்துக்கே போகாததுபோல் பளபளக்கிறது. ஆண்டு எண்ணும் 'பேங்க் நெகாரா மலேசியா' எழுத்துகளும் இரட்டையாகத் தெரிகின்றன. 'டபுள் டை (இரட்டை அச்சுப் பிழை), அபூர்வம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். கைப்பேசியில் படம் எடுத்தால் வெள்ளைத் திட்டு மட்டுமே விழுகிறது. இது அசல்தானா? கூசாமல் எப்படிப் படம் எடுப்பது?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. பளபளக்கும் காசில் எழுத்தின் ஒவ்வொரு சரிவும் தனியாக ஒளியைத் திருப்பி அனுப்பும். அறையில் இரண்டு விளக்குகள் எரிந்தால் எழுத்துக்கு இரண்டு மினுக்கம் வரும். அதை இரட்டை எழுத்து என்று கண் நம்பிவிடும். ஆகவே கூரை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கில் பாருங்கள். விளக்கை அசைக்காமல், விளிம்பைப் பிடித்துக் காசை மெல்லச் சுற்றுங்கள். இரண்டாவது கோடு இடம் மாறினாலோ மறைந்தாலோ அது வெறும் ஒளி. எப்படித் திருப்பினாலும் அங்கேயே நின்றால், அப்புறம் பத்து மடங்கு லென்ஸை எடுங்கள்.

லென்ஸில் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது உருவத்தின் வடிவத்தை. டபுள் டை என்பது அச்சிலேயே இருக்கும் பிழை. அந்தக் கால முறையில், தாய் அச்சை எஃகில் ஒரு முறைக்கு மேல் அழுத்தித்தான் காசடிக்கும் அச்சைச் செய்தார்கள். இடையில் கொஞ்சம் திரும்பிவிட்டால் அச்சில் இரண்டு உருவங்கள் பதிந்துவிடும். அந்த அச்சு அடிக்கும் எல்லாக் காசிலும் அதே இரட்டிப்பு வரும். எழுத்து தடித்திருக்கும், முனைகள் பிளந்திருக்கும், இரண்டு உருவங்களும் உருண்டு மேலெழுந்து நிற்கும். 1955-ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட் இதற்குப் பெயர்பெற்றது. அதில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

மெஷின் டபுளிங் வேறு. அடிக்கும்போது தளர்ந்த அச்சு சற்று நகர்ந்து, அப்போதுதான் பதிந்த எழுத்தின் ஓரத்தைத் தள்ளி நசுக்கிவிடும். அங்கே தட்டையான, தாழ்ந்த படி ஒன்று உண்டாகும். எழுத்து தடிக்காது, மெலியும். புதுக் காசில் அந்தப் படிதான் மற்ற எதையும்விடப் பளிச்சென்று மின்னும். ஆட்கள் ஏமாறுவதும் அங்கேதான். இது மிகச் சாதாரணம். சேகரிப்பவர்கள் இதற்கென்று கூடுதல் விலை தருவதில்லை.

சரி, படத்துக்கு வருவோம். அந்த வெள்ளைத் திட்டு, காசின் சமதளம் விளக்கை நேராக லென்ஸுக்குத் திருப்புவதால் வருகிறது. ஃப்ளாஷ் வேண்டாம். கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் கிடையாக வைத்து, கிட்டே போகாமல் இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். நெருங்கினால் அதன் நிழலும் காசில் விழும். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போனால் ஓர் இடத்தில் திட்டு விலகிவிடும். பிறகும் கூசினால் விளக்குக்கும் காசுக்கும் நடுவே டிரேசிங் தாள் ஒன்றைப் பிடியுங்கள். ஒரு தாள் போதும். வெளிச்சத்தை முழுக்கப் பரப்பினால் காசு அழகாக விழும், ஆனால் மேடுபள்ளம் மறைந்து நீங்கள் தேடும் இரட்டிப்பும் காணாமல் போகும். அழகுக்கு ஒரு படம், சோதனைக்கு ஒரு படம் என்று தனித்தனியாக எடுப்பதே நல்லது.

திரையில் தெரியும் காசின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஒளி அளவைக் குறைத்துவிட்டு, டைமரில் எடுங்கள். எச்டிஆர், இரவுப் படமுறை இரண்டையும் அணைத்துவிடுங்கள். பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும்போது அவையே எழுத்தின் ஓரத்தை இரட்டையாக்கக்கூடும். பிளாஸ்டிக் உறையும் அப்படித்தான், காசை வெளியே எடுங்கள். ஆனால் தயவுசெய்து புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். பிறந்த பளபளப்பு போனால் திரும்பாது, விலையும் அதோடு போகும்.

ஆண்டு எண்ணை மட்டும் பெரிதாக, காசைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பி நான்கு படங்கள் எடுத்து அனுப்புங்கள். காசில் வெற்றிலைப் பெட்டி உருவம் உள்ள பக்கம் முழுதாக ஒன்றும் வேண்டும். அதுவரை இதேபோல் இன்னொரு காசு வாங்க முன்பணம் கொடுக்க வேண்டாம்.