பிரிக்காத பெட்டிகள்

அன்புள்ள ஐயா,

காசியிலிருந்து காரிலேயே திருநெல்வேலி திரும்பிய மறுநாள் காலையில் விருந்தினர் ஐவர் வீட்டுக்கு வந்ததாகச் சென்ற மாதக் கட்டுரையில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். நாங்களும் கோவையிலிருந்து கட்ச் வரை காரில் சென்று, 18 நாட்கள் கழித்துப் போன வாரம்தான் திரும்பினோம். இரண்டு நாளில் பிள்ளைகளோடு வருவதாக என் நாத்தனார் தொலைபேசியில் சொன்னபோது, வீடு கிடந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. ஒரே இரவில் நீங்கள் எப்படி வீட்டை ஆயத்தப்படுத்தினீர்கள்?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

காசியிலிருந்து எங்கள் ஊர் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். முன்பு குமரி வரை ஏழாம் எண் நெடுஞ்சாலையாக இருந்த அந்தப் பாதையின் பெரும்பகுதி இப்போது 44ஆம் எண் சாலையில் சேர்ந்துவிட்டது. நான்கு நாட்கள் ஓட்டி வந்து, மாலை ஆறு மணிக்கு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகும், காலுக்கடியில் சாலை ஓடிக்கொண்டிருப்பதைப் போலவே இருந்தது. பெட்டிகளை இறக்குவதற்கு முன்பே, பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி, நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று கணக்கிட்டு ஊறப்போட்டேன். இரவு பத்து மணிக்கு அரைத்து வைத்த மாவு, மே மாதப் புழுக்கத்தில், விடிவதற்குள் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது. காலை உணவைப் பற்றிய கவலை அத்தோடு தீர்ந்தது.

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது குளியலறையிலிருந்து வந்த சாக்கடை நாற்றம். தரையில் இருக்கும் கழிவுக்குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் நீர் நின்று, கீழிருந்து வரும் காற்றைத் தடுத்துக்கொண்டிருக்கும். ஒரு மாதம் யாரும் புழங்காமல் இருந்தால் அந்த நீர் வற்றிவிடுகிறது. நாற்றமும் கரப்பான்பூச்சியும் தடையில்லாமல் மேலேறி வந்துவிடுகின்றன. இது தெரியாமல் பினாயிலைக் கொட்டித் தேய்த்துக் களைத்துப் போகிறவர்கள் பலர். மாடித் தொட்டியில் தேங்கிக் கிடந்த பழைய நீரை முழுவதும் திறந்துவிட்டுக் கழுவி, மீண்டும் நிரப்பிய பிறகு, ஒவ்வொரு துவாரத்திலும் அரை வாளித் தண்ணீர் ஊற்றினேன். சற்று நேரத்தில் நாற்றம் அடங்கியது. என் மனைவி இரண்டு அறைகளைக் கூட்டித் துடைத்து, துவைத்த விரிப்புகளைப் போட்டார். இதற்கு மேல் நாங்கள் எதுவும் செய்யவில்லை. ஒட்டடை அப்படியே இருந்தது; பயணப் பெட்டிகளும் அழுக்குத் துணி மூட்டையும் கூடத்து மூலையிலேயே கிடந்தன.

அப்படி விட்டுவைக்கும் துணிவு எனக்குக் கர்னூலில் கிடைத்தது. வழியில் வண்டி பழுதாகி, இரவு பதினொரு மணிக்கு அங்கே ஒரு நண்பர் வீட்டுக் கதவைத் தட்டினோம். வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்த வீடு. பாத்திரங்களும் டின்களும் கூடம் முழுக்கக் குவிந்து கிடந்தன. நண்பரின் தாயார் அவற்றைக் கையால் ஒதுக்கி, நான்கு பேர் படுக்கும் அளவுக்கு இடம் உண்டாக்கி, ஜமுக்காளத்தை விரித்தார். அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து, சோள ரொட்டியைக் கையாலேயே தட்டிப் போட்டு, வேர்க்கடலைச் சட்னியோடு எங்கள் முன் வைத்தார். வீடு இப்படிக் கிடக்கிறதே என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அதனால் நாங்களும் கூசாமல் உண்டு உறங்கினோம். சொல்லியிருந்தால் எங்களால் ஒரு வாய்கூட நிம்மதியாக உண்டிருக்க முடியாது.

விருந்து என்னும் சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. பிறகு அது வீட்டுக்குப் புதிதாக வருபவரைக் குறித்து, அதற்கும் பிறகே அவருக்கு இடும் உணவைக் குறித்தது. இன்று நம் காதில் அந்த மூன்றாவது பொருள் மட்டுமே விழுகிறது. அதனால்தான் யாராவது வருகிறார்கள் என்றதும், வரும் மனிதரை விட்டுவிட்டு, பாயசத்தையும் திரைச்சீலையையும் எண்ணி நாம் கலங்குகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது 'நாங்கள்' என்று எழுதிய நீங்கள், வீட்டின் நிலையைச் சொல்லும் இடத்தில் 'நான்' என்று மாறிவிட்டீர்கள். திரும்பி வந்த களைப்பு இருவருக்கும் பொதுவாக இருக்க, வீட்டு வேலை மட்டும் உங்கள் ஒருவர் தலையில் விழுந்திருந்தால், வரவேண்டாம் என்று சொன்னதற்காக நீங்கள் வருந்தத் தேவையில்லை. அந்தப் பாரத்தோடு யாராலும் மலர்ந்த முகத்தோடு கதவைத் திறக்க முடியாது. வருகிறவர் உங்கள் கணவரின் உடன்பிறந்தவர். தொட்டியைக் கழுவுவதும், கடைக்குப் போவதும், மாவு அரைப்பதும் உங்கள் கணவருடைய பங்காக இருக்கட்டும். விரிப்புகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனாரை இன்றே அழைத்து, வரும் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளோடு வரச் சொல்லுங்கள். கூடத்தில் பெட்டிகள் பிரிக்காமல் கிடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்ச்சிலிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் ஏதாவது வாங்கி வந்திருந்தால், அதுவும் அந்தப் பெட்டிகளில் ஒன்றில்தான் இருக்கும்; அதை அவர்களே பிரித்து எடுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்.