டயலில் 'எம்' இருந்தால் போதுமா? கையடக்கக் கேமரா கேள்வி பதில்

கேள்வி: விலை குறைந்த ஒரு குட்டிக் கேமராவில் 'எம்' (மேனுவல்) மோடு இருக்கிறது. மேனுவல் பழக அது போதுமா சார்?

பதில்: அந்த எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எம்-இல் வைத்து அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி புகும் துளை; எண் சிறிதானால் துளை பெரிது) மாற்றிப் பாருங்கள். 2.8, 3.2, 3.5, 4 என்று வரிசையாக எண்கள் வந்தால் சரி. இரண்டே எண்கள்தான் வருகிறதென்றால் உஷார். சிறிய சென்சார் கேமராக்கள் பலவற்றில் விரிந்து சுருங்கும் இதழ்களே இருக்காது. லென்ஸுக்குள் ஒரு மங்கல் கண்ணாடி, அதாவது என்டி ஃபில்டர், வந்து மறைக்கும். வெளிச்சம் குறையும், ஆனால் பின்னணியின் தெளிவில் எந்த மாற்றமும் இராது. ஷட்டர் வேகமும், ஐஎஸ்ஓ எனும் ஒளி உணர்திறனும்தான் உங்கள் கையில் மிஞ்சும்.

கேள்வி: 1 அங்குல சென்சார் அவ்வளவு உசத்தியா?

பதில்: பெயரில்தான் 1 அங்குலம், உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ. சாதாரணக் குட்டிக் கேமராவின் 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ. பரப்பில் நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் லாபம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு ஒளி). ஆனால் எஃப் 1.8 என்று போட்டிருப்பதைப் பார்த்து பின்னணி கரைந்து போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே கோணத்தில் ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில்) எஃப் 5 வைத்தால் கிடைக்கும் மங்கல்தான் இதில் வரும். அப்பர்ச்சரை ரொம்பவும் மூடினாலும் வம்பு: எஃப் 8-ஐத் தாண்டினால், சிறு துளையில் ஒளி சிதறும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுவதும் கூர்மை குறையும்.

கேள்வி: சோனி ஆர்எக்ஸ்100 மூன்றாம் மாடல், பானசோனிக் எல்எக்ஸ்100, ரிக்கோ ஜிஆர் 3. எதை எடுக்கலாம்?

பதில்: பழகத்தான் என்றால் எல்எக்ஸ்100. லென்ஸைச் சுற்றி அப்பர்ச்சர் வளையம், மேலே ஷட்டர் டயல். கேமராவை ஆன் செய்யாமலே என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியும். சட்டைப்பைக்கு அது கனம். ஆர்எக்ஸ்100 சின்னது, வியூஃபைண்டரும் மேலெழும்பி வரும். அதன் வளையம் மட்டும் 'கிளிக்' இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும், எத்தனை படி நகர்ந்தது என்று விரலுக்குத் தெரியாது. ஜிஆர் 3-இல் ஏபிஎஸ்-சி சென்சார், 1 அங்குலத்தைவிடப் பெரியது. ஆனால் ஸூம், ஃபிளாஷ், வியூஃபைண்டர் மூன்றும் கிடையாது. 28 மி.மீ. அகலக் கோணம் பிடித்தவர்களுக்கு மட்டும்.

கேள்வி: ஜிஆர் 3-இல் ஃபோகஸ் ஆவதற்குள் தெருக்காட்சி நழுவிவிடுகிறதே?

பதில்: ஆட்டோஃபோகஸை விடுங்கள். எஃப் 8, ஸ்னாப் ஃபோகஸ் (முன்கூட்டியே குறித்து வைக்கும் ஃபோகஸ்) தூரம் 2.5 மீட்டர். எஃப் 8-இல் அதன் லென்ஸுக்கு ஹைபர்ஃபோக்கல் தூரம் (தொடுவானம் வரை தெளிவு கிடைக்க ஃபோகஸ் வைக்கக்கூடிய மிகக் குறைந்த தூரம்) ஏறக்குறைய 2.1 மீட்டர், ஆகவே சுமார் 1.1 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக விழும். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ. மாலையில் எஃப் 4-க்கு இறக்கினால் இந்த வசதி போய்விடும், தூரத்தைக் கணித்தே வைக்க வேண்டும்.

கேள்வி: எம்-இல் ஸூம் செய்ததும் படம் இருட்டாகிறது. பழுதா?

பதில்: இல்லை. அகலக் கோணத்தில் எஃப் 1.8 திறக்கும் லென்ஸ், ஸூம் முனையில் 2.8 வரைதான் திறக்கும். முதலிலேயே 2.8-இல் வைத்துவிட்டால் மாறாது.

கேள்வி: பயன்படுத்திய கேமரா வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதலில் தூசி. லென்ஸ் நீளும்போதெல்லாம் காற்றோடு தூசியையும் உள்ளே இழுக்கும். முழு ஸூம், எஃப் 11, ஃபோகஸ் இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவில்) வைத்து, வெள்ளைச் சுவரை மிக நெருங்கி எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் புள்ளி இருந்தால் அது சென்சார் தூசி, பிரித்தால்தான் போகும். அடுத்து டயல். ஒவ்வொரு கிளிக்காக முன்னும் பின்னும் மெதுவாகத் திருப்புங்கள். 1/125-லிருந்து 1/160-க்குப் போக வேண்டியது திடீரென்று 1/100-க்குத் திரும்பினால் டயலின் தொடுமுனை தேய்ந்துவிட்டது. படம் நன்றாகவே வரும், ஆனால் மேனுவலுக்கு அந்தக் கேமரா ஆகாது.