தொட்டிலில் படுத்துப் பார்த்தால் தெரியும் அறை

அன்புள்ள அக்கா,

எனக்கு இது ஏழாம் மாதம். சாமான்கள் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து பாப்பாவுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். இரவில் தூக்கம் வராமல் போனில் சேமித்த படங்களே முந்நூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் வெள்ளையும் சந்தன நிறமுமாக அவ்வளவு அழகு. ஆனால் இன்றுவரை ஒரு பொருள்கூட வாங்கவில்லை. "பிறந்த குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது, எதற்கு இந்த ஆடம்பரம்" என்கிறார் கணவர். மாமியார் வீட்டில் எல்லோருடைய பழைய சட்டைத் துணிகளையும் சேர்த்து ஒரு ஒட்டுப்போர்வை தைத்திருக்கிறார், தொட்டிலில் விரிப்பதற்காக. தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பையும் தானே தைத்துத் தருவதாகச் சொல்கிறார். என் கணவர் படுத்து வளர்ந்த மரத்தொட்டில் பரணில் இருக்கிறது. ஐந்து வயது மூத்தவளோ "அந்த ரூம்ல எனக்கு என்ன இருக்கு?" என்று தினமும் கேட்கிறாள். எங்கிருந்து தொடங்குவது? இவ்வளவு ஆசைப்படுவதே தப்போ என்றும் தோன்றுகிறது.

வி.

அன்புள்ள வி.,

ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. வரப்போகிற ஒருவருக்காக இடத்தை ஒழித்து, துடைத்து, ஜன்னல் ஓரம் எதை வைக்கலாம் என்று நின்று யோசிப்பது அன்பில்தான் சேரும். அதை ஆடம்பரம் என்று சொல்லிச் சுருக்கிவிடாதீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. முந்நூறு படங்களும் கதவருகே நின்று அறையைப் பார்க்கிற ஒருவர் எடுத்தவை. அந்த அறையில் கதவருகே நிற்கப்போவது யார்? விருந்தாளிகள். நீங்கள் நாற்காலியில் இருப்பீர்கள், குழந்தை மல்லாந்து படுத்திருக்கும். இந்த இரண்டு இடத்திலிருந்தும் அறையைப் பார்த்தீர்களானால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான். கையில் ஏந்தியிருக்கும்போது உங்கள் முகத்துக்கும் அதன் முகத்துக்கும் இடையே இருக்கிற தூரம் அது. எதிர்ச்சுவரில் நீங்கள் ஒட்டப்போகும் மேகமும் நிலாவும் அதற்கு மங்கலான நிழல்தான். அதற்காக ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்ற உளவியலாளர் பிறந்து ஐந்து நாள்கூட ஆகாத குழந்தைகளிடம் சில வட்டங்களைக் காட்டி, எதை எவ்வளவு நேரம் பார்க்கின்றன என்று கணக்கெடுத்தார். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று வெறும் நிறமாக இருந்த வட்டங்களைவிட, முகம் வரைந்ததையும் கறுப்பு வெள்ளை வளையங்கள் போட்டதையும் அந்தக் குழந்தைகள் அதிக நேரம் பார்த்தன. அதனால் முதல் மாதங்களில் உங்கள் பாப்பாவுக்கு உங்கள் முகத்தைவிடப் பெரிய அலங்காரம் எதுவும் இல்லை. அதற்கடுத்து ஏதாவது வைக்க ஆசைப்பட்டால், வெள்ளை அட்டையில் கறுப்பு மார்க்கரால் பட்டையாகக் கோடு, வட்டம், கட்டம் வரைந்து, டயபர் மாற்றும் இடத்தில் பக்கவாட்டில் முகத்துக்குக் கிட்டே வருகிற மாதிரி ஒட்டி வையுங்கள். மூத்தவள் வரைந்து தரட்டும். சாயம் போட்ட சந்தன நிறக் கரடியை விட்டுவிட்டு அந்தக் கோடுகளையே அது வெறித்துப் பார்ப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

முதல் சில மாதங்களுக்கு அந்த அறை உண்மையில் உங்களுக்குத்தான். அதனால் நாற்காலியிலிருந்து தொடங்குங்கள். இன்றிரவே ஒன்று செய்து பாருங்களேன். காலியான அந்த அறையில், எந்த நாற்காலியில் பால் கொடுக்க நினைக்கிறீர்களோ அதைக் கொண்டுபோய்ப் போட்டு, இடது கையில் ஒரு தலையணையைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள். முழங்கைக்குத் தாங்கல் இருக்கிறதா, பாதம் தரையில் படிகிறதா, வலது கை மட்டும் நீண்டு தண்ணீரை எடுக்க முடிகிறதா, துவட்டும் துணி எட்டுகிறதா, தூங்கிப்போன குழந்தையோடு எழுந்து நடக்காமல் விளக்கைக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். எட்டாத ஒவ்வொன்றும் நீங்கள் வாங்கவோ நகர்த்தவோ வேண்டிய ஒன்று. அப்புறம், அந்த இடத்திலிருந்து நேரே தெரியும் சுவர் எதுவோ அதில்தான் உங்களுக்கு ரொம்பப் பிடித்த படம் மாட்ட வேண்டும். மூன்று மணி இருட்டில், மாதக் கணக்கில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கப்போவது அதைத்தான்.

விளக்குக்குக் கொஞ்சம் அதிகமாக யோசியுங்கள். இரவில் வெள்ளை விளக்கு போட்டால் உங்களுக்கும் தூக்கம் கலையும், குழந்தைக்கும் கலையும். மஞ்சள் வெளிச்சம் தருகிற, தாழ்வாக வைத்த, அளவைக் குறைக்க முடிகிற ஒரு சின்ன விளக்கு போதும். அறை அழகாக இருக்கிறதா இல்லையா என்பதைச் சுவரின் நிறத்தைவிட இந்த விளக்குதான் தீர்மானிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவசரமே இல்லை. குழந்தை முதல் ஆறு மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனித் தொட்டிலில் தூங்குவது நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022இல் வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. பிறப்பதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும் என்று உங்களை யார் விரட்டுகிறார்கள்? பெயிண்ட் அடிப்பதை மட்டும் முன்பே முடித்து, வாசனை போகும்வரை ஜன்னலைத் திறந்து போடுங்கள். அடிக்கும் வேலையையும் சுரண்டும் வேலையையும் வேறு யாராவது செய்யட்டும். மீதி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரலாம்.

தொட்டில் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அழுத்தினால் குழியாத சமமான மெத்தை, அதன்மேல் இறுக்கமாக விரித்த ஒரு துணி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைப்பது, அவ்வளவுதான். தலையணை வேண்டாம், பொம்மை வேண்டாம், ஒரு வயது முடியும்வரை போர்வையும் வேண்டாம். பஞ்சுத் தடுப்பு கூடவே கூடாது. படங்களில் பார்க்கப் பூப்போல இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் குழந்தை புரண்டு அதில் முகம் புதைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ள அதற்குத் தெம்பு இருக்காது, மூச்சு முட்டும். 2022இல் அமெரிக்காவில் சட்டம் போட்டே இவற்றின் விற்பனையைத் தடை செய்தார்கள். நான் பார்த்த அழகான குழந்தை அறைப் படங்களில் முக்கால்வாசியில் தொட்டில் தலையணைகளால் நிரம்பித்தான் இருந்தது, ஒவ்வொரு முறையும் மனசு பதறுகிறது.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். போர்வையை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டதாக அவருக்குத் தோன்றக் கூடாது. எல்லோருடைய சட்டைத் துணியும் இருக்கிற போர்வையைவிட அந்த அறைக்கு உரிய பொருள் வேறு என்ன இருக்கிறது? பகலில், குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட அது அருமையான விரிப்பு. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது, என் அத்தை தைத்தது. அதில் ஒரு கட்டம் மட்டும் என் மாமனாரின் கோடு போட்ட சட்டைத் துணி, கழுத்துப்பட்டைக்குக் கீழே வரும் பகுதி, பட்டன் காஜா ஒன்றைப் பிரிக்காமல் அப்படியே விட்டுத் தைத்திருந்தார். என் மகன் குப்புறக் கிடந்து அந்தக் காஜாவுக்குள் விரலை விட்டு விட்டு எடுப்பான். மாமனார் அவன் பிறப்பதற்கு முந்தின வருடம்தான் போயிருந்தார். அத்தை ஒன்றும் சொல்லமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். போர்வை வேறு வேலையில் இல்லாத நேரம் நாற்காலியின் முதுகில் கிடக்கட்டும், உங்கள் கண்ணுக்கும் நிறம்.

மரத்தொட்டிலை இறக்கிப் பாருங்கள், ஆனால் உடனே துடைத்துப் போட்டுவிடாதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்காவில் தடை செய்ததே 1978இல்தான், பல நாடுகளில் அதற்கும் வெகுகாலம் பிறகு. பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது தொட்டிலின் விளிம்பைத்தான். கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தாலும், பக்கச் சட்டம் இறங்கி ஏறும் வகையாக இருந்தாலும், குழந்தையை அதில் படுக்க வைக்க வேண்டாம். பெயிண்டே அடிக்காத, இடைவெளி சரியாக இருக்கிற, ஆடாத தொட்டில் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் வெளியே கூடத்தில் புத்தகமும் துணியும் போட்டு வைக்கலாம், குழந்தை கைக்கு எட்டாமல்.

இப்போது குழந்தையின் இடம். என் முதல் குழந்தைக்கு நான் சுவரின் மேல்பாதி முழுக்கப் பொன்னிற நட்சத்திரம் ஒட்டினேன், இரண்டு நாள் வேலை. நான்கு மாதம் இருக்கும்போது ஒரு மதியம் அவள் பக்கத்திலேயே தரையில் மல்லாந்து படுத்தேன். நட்சத்திரம் ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரிந்தது விட்டமும் கண்ணைக் குத்துகிற மூடியில்லாத பல்பும்தான். அவளோ பல்புக்கு அந்தப் பக்கம், ஜன்னல் கம்பிகளின் நிழல் மேலே விழுந்து மெல்ல நகர்வதை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே பல்புக்கு மூடி வந்தது. நீங்களும் ஒரு முறை படுத்துப் பாருங்கள், இந்த மாதத்தில் எழுந்திருப்பது சிரமம் என்றால் கணவரைப் படுக்கச் சொல்லுங்கள், ஆடம்பரம் எது என்று அவருக்கும் தெரியட்டும்.

தொட்டிலுக்கு மேலே தொங்கவிடும் சுழல் பொம்மை வாங்கும்போதும் இதே கதைதான். கடையில் நாம் பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம், யானையும் முயலும் அழகாகத் தெரிகின்றன. தலைக்கு மேலே பிடித்து அண்ணாந்து பாருங்கள், நான்கு தட்டையான அடிப்பாகங்கள்தான் தெரியும். முகம் கீழ்நோக்கி இருப்பதாகத் தேடுங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள். இந்தப் பொம்மையை ஆங்கிலத்தில் 'மொபைல்' என்பார்கள்; சிற்பி அலெக்சாண்டர் கால்டர் அசையும்படி செய்த சிற்பங்களுக்கு 1931இல் கலைஞர் மார்செல் டுஷாம்ப் வைத்த பெயர் அது. காற்றிலேயே அசைகிற கால்டரின் மொபைல்களுக்குக் கம்பியும் தகடும் சமநிலையும்தான் மூலதனம். உங்களுக்கு ஒரு குச்சி, கொஞ்சம் நூல், நிறக் காகிதம் போதும், பாட்டரி தேவையே இல்லை. உறுதியாக, கை எட்டாத உயரத்தில் கட்டுங்கள். குழந்தை கையை ஊன்றி எழும்ப ஆரம்பித்ததும், எப்படியும் ஐந்து மாதம் வாக்கில், கழற்றிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வெள்ளையும் சந்தனமும் உங்களுக்குப் பிடித்திருந்தால் சுவருக்கு அதுவே இருக்கட்டும், கண்ணுக்கு ஓய்வு. ஆனால் நாலைந்து மாதத்தில் குழந்தைக்கு நிறங்கள் நன்றாகவே தெரியத் தொடங்கும், அப்போது சிவப்பாக ஒரு கிண்ணம், நீலமாக ஒரு துணி என்று ஏதாவது அதற்குக் கிடைக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வாங்கிய அறை எனக்கு எப்போதும் கொஞ்சம் ஊமையாகத் தெரியும்.

மூத்தவளின் கேள்விதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது. அறையில் அவளுக்கென்று ஓரிடம் கட்டாயம் வேண்டும். நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஒரு முக்காலி, அவள் கைக்கு எட்டும் ஒரு தட்டு, அதில் பாப்பாவுக்கு அவள் படித்துக் காட்டப்போகும் நாலு புத்தகம். நீங்கள் பால் கொடுக்கும் நேரமெல்லாம் அவள் வெளியே நிற்க வேண்டியதில்லை. அந்தத் தட்டில் எதை வைக்கலாம் என்பதை அவளே முடிவு செய்யட்டும், ஒரு நிபந்தனையோடு: டாய்லெட் காகிதச் சுருளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாய் வழியாக நுழைகிற எதுவும் பாப்பா தவழும் தரைக்கு வரக் கூடாது. குழாயை அவள் கையிலேயே கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், ஐந்து வயதுக்கு அது பெரிய பதவி. பட்டன் பாட்டரி இருக்கிற விளக்கும் வாழ்த்து அட்டையும் மட்டும் உங்கள் பொறுப்பு, ஸ்க்ரூ போட்ட மூடி இல்லாததை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இழுப்பறை அலமாரியைச் சுவரோடு சேர்த்து இறுக்குவதும், திரையில் தொங்கும் கயிற்றை நீக்குவதும் தவழும் வயதுக்கு முன்னால் முடிந்திருக்கட்டும்.

அழகான பொருள்களை எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். முதலில் வீட்டுக்குள். உடையாத பித்தளைக் கிண்ணம், தாத்தாவின் கடிகாரப் பெட்டி, மூங்கில் கூடை, யாரோ எழுதிய பழைய கடிதம் ஒன்று சட்டம் போட்டு. டயபர் அடுக்க விற்கும் கூடையைவிட, பின்னாளில் பொம்மையும் அப்புறம் அவன் அல்லது அவள் பள்ளிப் புத்தகமும் போடக்கூடிய கூடை நல்லது. புதிதாக வாங்குவது என்றால் இரண்டே இரண்டு, மனசாரப் பிடித்தது. ஒன்று நாற்காலியிலிருந்து உங்களுக்குத் தெரிகிற மாதிரி, ஒன்று தரையிலிருந்து பாப்பாவுக்குத் தெரிகிற மாதிரி.

முந்நூறு படங்களையும் அழிக்க வேண்டாம். அவற்றில் நீங்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற ஐந்தை மட்டும் எடுத்து, ஐந்திலும் பொதுவாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது ஒரு பொருளாகவே இருக்காது, ஜன்னல் வெளிச்சமாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். உங்கள் அறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுதவே இல்லையே? காலை வெயில் எந்தச் சுவரில் விழுகிறது என்று நாளைக்குப் பார்த்து எழுதுங்கள், நாற்காலியை எங்கே போடலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அக்கா