கோபம் சரி, விலாசம்தான் தவறு

கேள்வி: 2019 தீபாவளி சமயத்தில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தபோது, நம் செய்தி சேனல்கள் இரவு பகலாக அதையே காட்டிக்கொண்டிருந்தன. இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தது லாஸ் ஏஞ்சலஸில் உள்ள ஓர் உள்ளூர் தொலைக்காட்சி நிலையம் என்று படித்தேன். அப்படியானால் முதல் குற்றவாளி அந்த நிலையம்தானே? துயரச் சம்பவங்களை நேரலையில் காட்டவே கூடாது என்று அரசு தடை போட்டால் என்ன?

— வாசகர் ஒருவர், துறையூர்

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. நானும் அந்த நான்கு நாட்களைப் பார்த்தவன். ஆனால் அந்தக் கோபத்தைத் தவறான விலாசத்துக்கு அனுப்புகிறீர்கள். நீங்கள் சொல்லும் நிலையத்தின் பெயர் கே.டி.எல்.ஏ. நம் சேனல்கள் அதனிடமிருந்து கேமராவை மட்டும் எடுத்துக்கொண்டன. மற்றதையும் கற்றிருந்தால் இந்தக் கேள்வியை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

முதலில் அந்தக் கிணற்றுக்கு வருகிறேன். 1949 ஏப்ரல் 8, வெள்ளிக்கிழமை மாலை. லாஸ் ஏஞ்சலஸை அடுத்த சான் மரீனோவில் கேத்தி ஃபிஸ்கஸ் என்ற மூன்று வயதுச் சிறுமி, விளையாடிக்கொண்டிருந்த இடத்தில் இருந்த பாழுங்கிணற்றுக் குழாய்க்குள் விழுந்தாள். குழாயின் அகலம் 14 அங்குலம். 90 அடிக்கும் கீழே சிக்கிக்கொண்டாள். பக்கத்தில் இன்னொரு குழி தோண்டி, அதிலிருந்து குறுக்கே துளைத்து அவளை எட்ட முயன்றார்கள். 70 ஆண்டுகள் கழித்து நடுக்காட்டுப்பட்டியிலும் இதே வழியைத்தான் கையாண்டோம். சுரங்கத் தொழிலாளர்கள் தாமாகவே முன்வந்து இறங்கினார்கள். இரவில் வேலை நடக்க ஹாலிவுட் ஸ்டுடியோக்களிலிருந்து பெரிய விளக்குகள் வந்தன. சனிக்கிழமை கே.டி.எல்.ஏ. தன் வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டுக் கேமராக்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. ஞாயிறு இரவு வரை ஏறக்குறைய 27 மணி நேரம் ஒளிபரப்பு தொடர்ந்தது. அன்றைக்கு வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் பெட்டி விற்கும் கடைகளின் கண்ணாடிக்கு வெளியே மக்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். கடைசியில் குழந்தை உயிருடன் கிடைக்கவில்லை. விழுந்த சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி இறந்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது.

அங்கேயும் வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடியது, மறுக்கவில்லை. ஆனால் திரையில் பேசியவர்கள் யார் என்று பாருங்கள். ஸ்டான் சேம்பர்ஸ், பில் வெல்ஷ் என்ற இருவர், சம்பவ இடத்தில் நின்றபடி, கண்ணெதிரே நடப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சேம்பர்ஸுக்கு அப்போது 25 வயது. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

அந்த நிலையத்தை உருவாக்கியவர் கிளாஸ் லாண்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1936 பெர்லின் ஒலிம்பிக் ஒளிபரப்பில் வேலை பார்த்தவர். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்தவர். பாரமவுண்ட் பட நிறுவனம் 1940களின் தொடக்கத்தில் நடத்திய சோதனை நிலையத்தை அவர் கையில் கொடுத்தார்கள். 1947 ஜனவரி 22 அன்று அது கே.டி.எல்.ஏ. என்ற பெயரில் வணிக ஒளிபரப்பு நிலையமாக மாறியது. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அதுதான் முதல் வணிகத் தொலைக்காட்சி. தொடக்க விழா நிகழ்ச்சியை நடத்தியவர் நகைச்சுவை நடிகர் பாப் ஹோப். அப்போது நகரத்தில் இருந்த பெட்டிகள் ஏறக்குறைய 350 என்பார்கள். அத்தனை சிறிய கூட்டத்துக்காக லாண்ட்ஸ்பெர்க் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஒளிபரப்பு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நகரில் ஒரு மின்முலாம் ஆலை வெடித்துச் சிதறியது. நிலையம் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்றது. ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்திருப்பது அவருடைய சுபாவத்திலேயே இல்லை. 1952 ஏப்ரலில் நெவாடா பாலைவனத்தில் நடந்த அணுகுண்டு சோதனையை, மலை உச்சிகளில் நுண்ணலைக் கருவிகளை நிறுவி, நாடு முழுவதும் நேரலையில் காட்டினார். 1956இல் இறந்தபோது அவருக்கு வயது 40தான்.

அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நிலையத்தின் தலைமைப் பொறியாளர் ஜான் சில்வா ஒரு ஹெலிகாப்டருக்குள் கேமராவையும் ஒளிபரப்பிக் கருவியையும் பொருத்தினார். 1958 ஜூலையில் முதல் சோதனை. ஹெலிகாப்டர் மேலே போய்விட்டது, கீழே படம் வரவில்லை. சில்வா பறக்கும் ஹெலிகாப்டரிலிருந்து வெளியே வந்து, அதன் கால்சட்டத்தின் மேல் நின்றபடி கருவியைப் பார்த்தார். வெப்பமும் அதிர்வும் தாங்காமல் கருவிக்குள் இருந்த வெற்றிடக் குழாய் (வால்வு) ஒன்று பழுதாகியிருந்தது. சரிசெய்து மறுநாளே பறந்தார்கள். செய்திக்காகப் பறந்த முதல் தொலைக்காட்சி ஹெலிகாப்டர் அதுதான். 1963 டிசம்பர் 14 அன்று பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கத்தின் கரை உடைந்து தண்ணீர் தெருக்களில் பாய்ந்தபோது, அந்த நகரமே அதை மேலேயிருந்து நேரலையில் பார்த்தது. ஐந்து பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கான வீடுகள் பாழாயின. ஒரு கரை எப்படி உடைந்தது என்பதை அதிகாரிகளின் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் மக்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தது சிறிய விஷயமல்ல.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, தடை. 1991 மார்ச் 3, பின்னிரவு. ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர்கள் தடியால் அடித்து நொறுக்கியதை, எதிரே குடியிருந்த ஜார்ஜ் ஹாலிடே தன் வீட்டு மாடத்திலிருந்து வீடியோ எடுத்தார். போலீஸைத் தொடர்பு கொண்டார், பயனில்லை. பிறகு ஒளிநாடாவை கே.டி.எல்.ஏ.வுக்குக் கொண்டுபோனார். செய்திப் பிரிவு என்ன செய்தது? கிடைத்தவுடன் திரையில் கொட்டிவிடவில்லை. முதலில் காவல்துறைக்குப் போட்டுக் காட்டியது. அதன் பிறகே மார்ச் 4 இரவுச் செய்தியில் வெளியிட்டது. அந்தக் காட்சிகள் உலகத்தையே சுற்றின. அடுத்த ஆண்டு போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டபோது நகரம் பற்றி எரிந்தது. துயரத்தைக் காட்டக் கூடாது என்று அன்று சட்டம் இருந்திருந்தால் அந்த ஒளிநாடா யாருடைய மேஜைக்குள் முடங்கியிருக்கும்? தடை என்று ஒன்று வந்தால், அதை முதலில் கையில் எடுப்பது குழந்தையை இழந்த தாய் அல்ல. தன் தவறு வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கும் அதிகாரிதான்.

அந்தச் செய்தியை கே.டி.எல்.ஏ.வில் வழங்கிய நிருபர் யார் தெரியுமா? ஸ்டான் சேம்பர்ஸ். 1949இல் கிணற்றருகே நின்ற அதே மனிதர், அதே நிலையத்தில், அதே நகரத்தில், 42 ஆண்டுகள் கழித்து. 2010இல் 87ஆவது பிறந்த நாளன்று ஓய்வு பெறும்வரை, 60 ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே வேலை பார்த்தார். இரவுச் செய்தியை வாசித்த ஹால் ஃபிஷ்மனும் அப்படித்தான். 1975 முதல் 2007இல் இறக்கும்வரை பத்து மணிச் செய்தியின் முகம் அவர். இதற்கிடையே நிலையத்தின் உரிமை நடிகர் ஜீன் ஆட்ரி, ஒரு முதலீட்டு நிறுவனம், டிரிப்யூன், நெக்ஸ்டார் என்று கை மாறிக்கொண்டே போனது. ஆனால் செய்தி சொல்பவர் ஊரைத் தெரிந்தவராக இருந்தார், ஊருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டியவன் இன்று ஒரு தாயின் முகத்துக்கு நேராக மைக்கை நீட்டத் தயங்குவான். நான் கே.டி.எல்.ஏ.வை மதிப்பது இதற்காகத்தான்.

புனிதப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. 1998 ஏப்ரல் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலை மேம்பாலம் ஒன்றில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதை ஹெலிகாப்டர் கேமராக்கள் நேரலையில் காட்டின. மாலை நேரம். கே.டி.எல்.ஏ. உட்பட சில நிலையங்கள் குழந்தைகள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அதற்கு மாறியிருந்தன. பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அது பெருந்தவறு. பிறகு வருத்தம் தெரிவித்ததால் அது இல்லாமல் போய்விடாது. நேரலையில் அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. எனவே உயிர் ஊசலாடும் இடத்தில் கேமரா தள்ளியே நிற்க வேண்டும், சில நொடிகள் தாமதித்தே படம் திரைக்கு வர வேண்டும். இதற்கு அரசின் தடை உத்தரவு தேவையில்லை. செய்தி ஆசிரியர் மேஜையில் ஒரு விதி இருந்தால் போதும்.

நடுக்காட்டுப்பட்டியில் என்ன நடந்தது? அக்டோபர் 25 மாலை விழுந்த குழந்தையின் உடல் 29ஆம் தேதி அதிகாலையில்தான் மேலே வந்தது. ரிக் இயந்திரங்கள் பாறையில் திணறியதையும், இப்படி ஒரு மீட்புக்கு நம்மிடம் உருப்படியான கருவி இல்லாததையும் நாம் தெரிந்துகொண்டது நேரலையால்தான். அந்த அளவுக்குச் சேனல்கள் தங்கள் கடமையைச் செய்தன, இதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த வீட்டு அழுகையைத் திரும்பத் திரும்பப் போட்டதற்கும், பின்னணியில் சோக இசை சேர்த்ததற்கும், ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஊகங்களை அடுக்கியதற்கும் எந்த நியாயமும் கிடையாது. அங்கே மழையில் நின்ற மாவட்ட நிருபர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களில் பலர் மாதச் சம்பளம்கூட இல்லாமல், செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு உழைப்பவர்கள். கேமராவை இன்னும் அருகில் கொண்டுபோ என்று சென்னையிலிருந்து போனில் விரட்டியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உடல் அடக்கம் ஆனதும் வேன்கள் கிளம்பின. என் கோபம் முழுவதும் அந்தக் கிளம்பலின் மேல்தான்.

கேத்தியின் தந்தை வேலை பார்த்த தண்ணீர் நிறுவனம்தான் 1903இல் அந்தக் கிணற்றைத் தோண்டியது. பழைய கிணறுகளைக் கட்டாயம் மூட வேண்டும் என்ற சட்டத்தை ஆதரித்து, விபத்துக்குச் சற்று முன்புதான் அவர் மாநிலச் சட்டமன்றத்தின் முன் சாட்சியம் அளித்திருந்தார். கேமரா போய் நிற்க வேண்டிய இடம் எது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அந்தச் சாட்சியத்தின் பக்கம் ஒரு கேமராவும் திரும்பியிருக்காது. நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 2010இலேயே உச்ச நீதிமன்றம் விதிகளைத் தெளிவாக வகுத்துவிட்டது. கிணறு தோண்டுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே தகவல் தர வேண்டும், வேலி போட வேண்டும், அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், கைவிட்ட கிணற்றை மண்ணும் கல்லும் போட்டுத் தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். எந்தெந்தக் கிணறு கைவிடப்பட்டது, எது மூடப்பட்டது என்ற விவரத்தை மாவட்ட நிர்வாகமும் ஊராட்சியும் வைத்திருக்க வேண்டும்.

துறையூரில் உள்ளூர் கேபிள் சேனல் இருந்தால், அதை நடத்துபவர் உங்களுக்கு முகம் தெரிந்தவராகத்தான் இருப்பார். தடை கேட்டு அரசுக்கு எழுதுவதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். உங்கள் ஒன்றியத்தில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளின் பட்டியலை வாங்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் கேமராவுடன் போய், மூடி இருக்கிறதா இல்லையா என்று வாரம் ஐந்து நிமிடம் காட்டச் சொல்லுங்கள். மூடாத கிணற்றின் உரிமையாளர் பெயரையும், அதைக் கவனிக்க வேண்டிய அலுவலரின் பதவியையும் திரையில் போடச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அந்தப் பட்டியலை நாம் இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.