மூலப்பத்திரம் இல்லாமல் விமானம் ஏறாது: வெளிநாட்டுப் படிப்புக் காதல் நாவல், கேள்வி பதில்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளை வைத்து இளையோருக்கான காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கும் நெல்லைப் பக்கத்துக்காரர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

வள்ளியூர்: அண்ணாச்சி, என் நாயகி ப்ளஸ் டூ முடித்த கையோடு லண்டனுக்கு எம்.எஸ். படிக்கப் போகிறாள். வயது 18. முதல் அத்தியாயத்தைப் படித்த தோழி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எங்கே தப்பு?

கணக்கில்தான் தப்பு தங்கச்சி. எம்.எஸ். சேர முதலில் ஒரு டிகிரி வேண்டும். பி.இ. முடிக்கவே 21, 22 ஆகிவிடும். அந்த வயதில் கதையின் பிரச்சினையே வேறு: வீட்டில் ஜாதகம் எடுத்துவிடுவார்கள், கல்விக்கடன் தவணை கழுத்தைப் பிடிக்கும். அது இளையோர் நாவலுக்கு அடுத்த தட்டு.

18தான் வேண்டுமென்றால் எம்.பி.பி.எஸ். இருக்கவே இருக்கிறது. நீட்டில் தகுதி பெற்றும் இங்கே அரசு இடம் கிடைக்காமல் ஜார்ஜியாவுக்குப் போகிற பிள்ளை என்று வையுங்கள். நீட் தேறாமல் போனதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படிப் போனால் திரும்பி வந்து இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. 2021ஆம் ஆண்டு விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், அதற்கு மேல் 12 மாதம் பயிற்சி. அஞ்சரை வருஷக் காதலை ஒரே புத்தகத்தில் அடைக்க முடியாது. முதல் வருஷத்தை மட்டும் எடுங்கள். என்னைக் கேட்டால், நம்மூர் வாசகிக்கு லண்டனைவிட ஜார்ஜியாவின் தலைநகர் டிபிலிசிதான் நெருக்கம். பக்கத்து வீட்டு அக்கா அங்கேதான் இருப்பாள்.

பாளையங்கோட்டை: கதையை விமான நிலையத்தில் ஆரம்பிக்கலாமா? அம்மா அழ, நாயகி கையசைக்க...

எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். அதோடு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா வெகுநேரம் கையசைப்பதாக வேறு எழுதுகிறார்கள். டிக்கெட் இல்லாதவரை நம் விமான நிலையத்தில் முனைய வாசலோடு நிறுத்திவிடுவார்கள். வேன் பிடித்து வந்த பன்னிரண்டு சொந்தக்காரர்களும் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றே அழ வேண்டியதுதான். சென்னைதான் வேண்டும் என்றும் இல்லை. நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர், வளைகுடா வழியாக மாறிப் போகலாம்.

நான் சொல்வது, காகிதத்தில் ஆரம்பியுங்கள். வெளிநாட்டுப் படிப்புக் கதையில் வில்லன் தேவையில்லை, தேதியும் தாளும் போதும். பொதுத்துறை வங்கியில் கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வழக்கமாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வீட்டு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் வங்கி வக்கீல் மேஜைக்குப் போகும். வில்லங்கம் பெரும்பாலும் 30 வருஷத்துக்குப் போட வேண்டியிருக்கும். இப்போது அந்தப் பட்டா தாத்தா பேரிலேயே இருக்கிறது, அல்லது கூட்டுப் பட்டா என்று வையுங்கள். அப்பாவோடு எட்டு வருஷமாகப் பேசாத சித்தப்பா கையெழுத்துப் போட்டால்தான் கடன். அவர் வீட்டு வாசலில் நாயகி போய் நிற்கிறாள். முதல் அத்தியாயம் கிடைத்துவிட்டது.

இங்கிலாந்து என்றால் இன்னொன்று. சேமிப்புப் பணத்தைக் காட்டி மாணவர் விசா கேட்டால், மீதிக் கட்டணமும் ஒன்பது மாதம் வரைக்கான செலவுப் பணமும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். ஒரு நாள்கூட அந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. கணக்கு மாணவர் பேரிலோ பெற்றோர் பேரிலோ இருக்கலாம், பெற்றோர் பேர் என்றால் பிறப்புச் சான்றும் சம்மதக் கடிதமும் சேர்த்து. தாய்மாமா கணக்கில் எத்தனை லட்சம் இருந்தாலும் செல்லாது. நம்மூர்க் கதைகளில் மாமாதான் பணம் கட்டுவார், அந்த வழக்கம் இங்கே இடிக்கும். மாமா பணத்தை அப்பா கணக்கில் போட்டாயிற்று. 19ஆம் நாள் அக்கா வளைகாப்புக்கு யாரோ அதிலிருந்து ரெண்டு லட்சம் எடுத்துவிட்டார்கள். குறைந்த தொகையை நிரப்பிய நாளிலிருந்து மறுபடி ஒன்று, ரெண்டு என்று எண்ண வேண்டும். கல்லூரி திறக்கும் தேதியோ அசையாது. வங்கிக் கடன் கடிதம் காட்டினால் இந்த 28 நாள் தேவைப்படாது, ஆகவே ரெண்டையும் ஒரே கதையில் போட்டுக் குழப்பாதீர்கள்.

இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் அங்கே தங்கப் போகிறவர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் வைக்க வேண்டும். செப்டம்பர் சேர்க்கைக்கான இந்த அலைச்சலெல்லாம் ஜூன், ஜூலையில் வரும். அப்போதுதான் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டம். வடம் பிடிக்கிற கூட்டத்தில், சட்டைப்பையில் போன் அதிர்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிற பையனை எழுதுங்கள்.

சேரன்மகாதேவி: நாயகன் ஊரில், நாயகி ஜெர்மனியில். தினமும் ராத்திரி போன் பேசுகிறார்கள். நேரக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நல்ல கேள்வி. பாதிக் கையெழுத்துப் பிரதிகள் இங்கேதான் சறுக்கும். ஜெர்மனி நமக்குக் கோடையில் 3 மணி 30 நிமிடம் பின்னால், குளிர்காலத்தில் 4 மணி 30 நிமிடம் பின்னால். இங்கிலாந்துக்கு அதோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஜார்ஜியா வருஷம் பூராவும் ஒன்றரை மணிதான், மாறாது. அமெரிக்கக் கிழக்குக் கரை 9.30 அல்லது 10.30 மணி பின்னால். சிட்னி நமக்கு முன்னால், 4.30 அல்லது 5.30.

ஐரோப்பாவில் கடிகாரம் மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அமெரிக்காவில் மார்ச் ரெண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. இந்த மாற்றத்தை யாரும் கதையில் பயன்படுத்துவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இப்படிப் பாருங்கள்: அவன் தினமும் இரவு 9.30க்கு அம்பாசமுத்திரம் மொட்டைமாடியிலிருந்து கூப்பிடுகிறான். அவளுக்கு அது மாலை 6 மணி, வகுப்பு முடிந்து டிராமுக்கு நிற்கிற நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு கழிந்த திங்கள்கிழமை அதே 9.30க்குக் கூப்பிடுகிறான். அவளுக்கு மணி 5தான், ஆய்வகத்தில் இருக்கிறாள், போன் பையில் கிடக்கிறது. அவள் 6 மணிக்குத் திருப்பிக் கூப்பிடும்போது இங்கே 10.30, அவன் அப்பா தூங்குகிறார், போனைச் சத்தமில்லாமல் போட்டிருக்கிறான். நாலு நாள் இப்படியே போனால் சந்தேகம் தானாக முளைக்கும். ரெண்டு பேர் மேலும் குற்றமில்லை, மூன்றாம் ஆளும் தேவைப்படவில்லை.

ஆலங்குளம்: நெல்லைத் தமிழ் எவ்வளவு போடலாம்? எங்கள் எழுத்தாளர் குழுவில் ஒருத்தர் வரிக்கு நாலு ‘ஏல’ போடுகிறார்.

அவரை நிறுத்தச் சொல்லுங்கள். ‘ஏல’வும் ‘வே’யும் ஊறுகாய் மாதிரி. ‘வே’ பெரும்பாலும் ஆண்கள் தங்களுக்குள், சம வயதில், கொஞ்சம் எகத்தாளமாகப் பேசுவது. நாயகி அப்பாவைப் பார்த்து ‘என்னவே’ என்றால் அடுத்த வரியில் செவிட்டில் அறை விழுந்திருக்க வேண்டும். பெண்பிள்ளையை ‘ஏளா’, ‘ஏட்டி’ என்று கூப்பிடுவது பெரியவர்களும் நெருங்கிய தோழிகளும்தான். பழகி ஒரு வாரமான பையன் அப்படிக் கூப்பிட்டால் அது துணிச்சல், அவள் கவனித்ததாக நீங்கள் எழுதியாக வேண்டும்.

உண்மையில் நம் பேச்சின் அடையாளம் வினைச்சொல்லில் இருக்கிறது. சொல்கிறேன் என்பது ‘சொல்லுதேன்’, படிக்கிறேன் என்பது ‘படிக்கேன்’, நிற்கிறாள் என்பது ‘நிக்கா’, சாப்பிட்டீர்களா என்பது ‘சாப்ட்டியளா’. இதைச் சரியாகப் பிடித்தால் ‘ஏல’ ஒன்றுகூட வேண்டாம்.

வெளிநாட்டில் அவள் எல்லாரிடமும் இப்படிப் பேச மாட்டாள். கோயம்புத்தூர்ப் பையனோடு பொதுத் தமிழில்தான் பேசுவாள். “நான் அப்புறம் பேசுறேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வந்த போனை எடுத்ததும், “ஆச்சி, சாப்ட்டியளா? நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க ஏன் இப்படிச் சொல்லுதிய?” என்று குரலே மாறிவிடும். அந்தக் குரலை அவன் கேட்கிற இடம் உங்கள் காதல் கதையின் நடு ஆணி. அதற்கப்புறம் ஒரு நாள் கோபத்தில் அவனிடமே ‘போ மூதி’ என்று வாய் தவறினால், அவள் மனசு வாசகிக்குப் புரிந்துவிடும்.

களக்காடு: ரெண்டு பேரும் முதலில் சந்திக்கிற இடம் காபிக் கடையாக இருக்கலாமா?

வேண்டாமே. மாணவர் விடுதியின் பொதுச் சமையலறை இருக்கும்போது காபிக் கடை எதற்கு? ஐந்தாறு பேருக்கு ஓர் அடுப்பு, ஆளுக்கு ஒரு தட்டு குளிர்பெட்டியில். நாயகி கடுகும் வரமிளகாயும் தாளிக்கிறாள், தீ மணி அடிக்கிறது என்று எழுதலாம். ஆனால் காரணம் தெரிந்து எழுதுங்கள். சமையலறையில் பெரும்பாலும் வெப்பத்தை உணரும் கருவியே இருக்கும், தாளிப்புக்கு அது அசையாது. புகையை உணரும் கருவி வராந்தாவில். நெடி தாங்காமல் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவைச் செருப்பு கொடுத்துத் திறந்து வைப்பாள் பாருங்கள், அப்போதுதான் மொத்தக் கட்டடமும் அலறும். ராத்திரி பதினோரு மணி, வெளியே 3 டிகிரி, அத்தனை பேரும் வாசலில். அந்தக் கூட்டத்தில் சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு நடுங்கி நிற்கிறவன் நம்மூர்க்காரன் என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்?

குளிரைக் காட்டப் பனிப்பொழிவே வேண்டும் என்பதில்லை. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். விடுதி அறையில் அது பெரும்பாலும் கட்டிதான். சூடேற்றும் கம்பிமேல் பாட்டிலை வைத்து இளக்கித் தலைவாரிக்கொண்டு வகுப்புக்கு ஓடட்டும். டிசம்பரில் லண்டனில் நாலு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும், ‘மாலை ஐந்து மணி வெயிலில்’ என்றெல்லாம் வரக் கூடாது.

நாங்குநேரி: நாயகன் படித்துக்கொண்டே ஓட்டலில் முழுநேர வேலை பார்க்கிறான். சரிதானே?

சட்டப்படி சரியில்லை. டிகிரி படிப்பவருக்குப் பாடம் நடக்கும் காலத்தில் இங்கிலாந்தில் வாரம் 20 மணி, கனடாவில் வளாகத்துக்கு வெளியே வாரம் 24, ஆஸ்திரேலியாவில் ரெண்டு வாரத்துக்கு 48. ஜெர்மனியில் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அமெரிக்காவில் முதல் கல்வியாண்டில் வளாகத்துக்குள் மட்டும். மீறினால் விசாவுக்கே ஆபத்து. மீறுகிறான் என்று எழுதலாம், அந்தப் பயம் பக்கத்துக்குப் பக்கம் தெரிய வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி: பெட்டியில் அல்வா வைக்காமல் நெல்லைக் கதை எழுத முடியுமா?

முடியும். ஆனால் மனசு வராது என்றால் கேளுங்கள். வெளியிலிருந்து வருகிறவர் பையில் பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக் கூடாது. நெய்ப்பாட்டில், பால்கோவா ரெண்டும் அதில் அடங்கும். நெய் ஒழுகும் அல்வாவை அதிகாரி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார் என்று உறுதியாக எழுதாதீர்கள். பச்சைக் கருவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, ஆகவே அம்மா வெட்கப்பட்டு ஒளித்துக் கட்டிய கருவாடுதான் சட்டப்படி தப்பிக்கும். உங்கள் ஊர் அப்பளமும் உடன்குடிக் கருப்பட்டியும் தாராளமாகப் போகலாம். எடை மட்டும் பாருங்கள், பல விமானங்களில் 23 கிலோ. அல்வா போய்ச் சேர்ந்தாலும் குளிரில் மேலே நெய் வெள்ளையாகப் படிந்துவிடும். கெட்டுவிட்டது என்று அறைத்தோழி குப்பையில் போட வாய்ப்புண்டு.

திசையன்விளை: ஊரில் நாயகிக்கு அத்தை மகன் இருக்கிறார். அவரை வில்லனாக்கட்டுமா?

ஏன் தம்பி, அத்தான் என்ன பாவம் செய்தார்? பாஸ்போர்ட் ஆபீசுக்கு வண்டியில் கூட்டிப் போனவரே அவர்தான் என்று வைத்துப் பாருங்கள். அவருக்கும் ஆசை இருக்கட்டும், வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கட்டும். கதை கனமாகும். பாத்திரத்துக்கு 18 ஆகவில்லை என்றால் கைகோப்பதோடு நிறுத்துங்கள்.

முக்கூடல்: எத்தனை அத்தியாயம்? காதலை எங்கே சொல்வது?

45,000 வார்த்தை, 25 அத்தியாயம் போதும். ஊர் வாழ்க்கைக்கு ஐந்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பழக்கம் எட்டாவதில் தொடங்கினால், வாய்விட்டுச் சொல்வது பதினாறுக்கு முன்னால் வேண்டாம். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டால் மீதி அத்தியாயங்களை எல்லாம் சண்டை போட்டுத்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

ராதாபுரம்: முடிவில் கல்யாணம் வைக்கலாமா? இருவருக்கும் 19 வயது.

பையனுக்குச் சட்டப்படி 21 வேண்டும், ஆகவே வைக்க முடியாது. நல்லதாகப் போயிற்று. நாயகி சற்று மூத்தவள், இங்கிலாந்தில் முதுகலை முடிக்கிறாள் என்றால் முடிவைப் படிப்புக்குப் பிந்தைய விசாவில் கட்டுங்கள். இப்போது ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பித்தால் 18 மாதம். டிசம்பரில் விண்ணப்பித்தவளுக்கும் ஜனவரியில் விண்ணப்பித்தவனுக்கும் நடுவே ஐந்தாறு மாதம் இடைவெளி விழும். அந்த மாதங்களை யார் எங்கே கழிப்பது என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுகிற இடத்தில் முடிக்கலாம்.

வீரவநல்லூர்: அட்டைப்படத்துக்கு ஈஃபிள் கோபுரம் கேட்டிருக்கிறேன். எடுப்பாக இருக்குமா?

இருக்கும். ஆனால் உங்கள் கதை ஜார்ஜியாவில் நடப்பதாக முதல் வரியிலேயே எழுதியிருக்கிறீர்களே.